ஒரு கால் மட்டும் மஞ்சள்

பிப்ரவரி 24

ஆய்வகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, தங்கள் ஆய்வகத்தில் 'பெரியவர்களும் குழந்தைகளும் ஒரு படத்தை எப்படிப் பார்க்கிறார்கள்' என்ற ஆய்வில் நானும் ஆறு வயதான என் மகளும் கலந்துகொண்டோம். திரையில் நாற்பது அறைகளின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கோப்பையைத் தேடச் சொன்னீர்கள். எங்கள் கண் எங்கெங்கே போகிறது என்பதைத் திரைக்குக் கீழே இருந்த கேமரா பதிவு செய்தது.

ஒப்புதல் படிவத்தின் ஏழாவது பத்தியில், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், எழுத்தில் கேட்டால் பதிவுகள் அழிக்கப்படும் என்று இருக்கிறது. எழுத்தில் கேட்கிறேன். எங்கள் இருவரின் பதிவுகளையும், யாரும் திறந்து பார்க்காமல், அழித்துவிட வேண்டும்.

காரணம் சொல்லத் தேவையில்லை என்றும் அதே பத்தியில் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். படம் இருபத்து மூன்று.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்


பிப்ரவரி 28

அன்புத் தங்கச்சி,

'தங்கள்' ஆய்வகமா? முப்பத்து நான்கு வருஷமாக என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். கோபம் வந்தால் எருமை என்றும் கூப்பிட்டிருக்கிறாய். இந்த மரியாதையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. என் உதவியாளர்தான் கடிதத்தைப் பிரித்தாள். "மேடம், யாரோ ஒரு அம்மா ரொம்பக் கோவமா எழுதியிருக்காங்க" என்று கொண்டுவந்து நீட்டினாள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனில் ஒன்பது தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

என்னதான் ஆயிற்று? உன் மகள் நண்டுவை யாராவது ஏதாவது சொன்னார்களா? "தலைய ஆட்டாம உக்காரு கண்ணு" என்று உதவியாளர் ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். அதற்கு அவள், "நான் ஆட்டல, தலைதான் ஆடுது" என்றாளே, அதை இன்றுவரை இங்கே எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவள் பதிவை அழிக்கச் சொல்கிறாய். இதுவரை அறுபத்து நான்கு குழந்தைகள் வந்திருக்கிறார்கள், அவளைப் போலப் பார்த்த குழந்தை இல்லை. பெரியவர்களுக்குக் கோப்பை என்றால் கோப்பை. ஒரு வினாடியில் கண்டுபிடித்துவிட்டுக் கடையைச் சாத்திவிடுவார்கள். குழந்தைகளிடம் கோப்பையைக் கேட்டால் அறை முழுவதையும் சுற்றிவிட்டுத்தான் வருவார்கள். அப்புறம் 'வேறு என்ன இருந்தது' என்று கேட்டால் பெரியவர்கள் முழிப்பார்கள். குழந்தைகள் திரைச்சீலையில் ஒரு வளையம் கழன்று தொங்கியதைக்கூடச் சொல்வார்கள். நண்டு அதிலும் ஒருபடி மேலே.

படம் இருபத்து மூன்று எது என்று எடுத்துப் பார்த்தேன். கட்டில், ஜன்னல், மேசை, மேசைமேல் கோப்பை. தனியாக இருக்கும் யாரோ ஒரு வாடகைக்காரரின் அறை. நாற்பது அறைகளைப் படம் எடுத்தோம், எனக்கே எது யாருடையது என்று நினைவில்லை. அதில் குழந்தை பயப்படும்படி என்ன இருக்கிறது? போனை எடு. நேரில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

உன் அக்கா


மார்ச் 4

அக்கா,

காதில் பூ சுற்றாதே.

போன் வேண்டாம். உன் குரலைக் கேட்டால் நான் பழைய தங்கச்சியாகிவிடுவேன், நீ சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். எழுத்தில் என்றால் நீ சொன்னது என் கையில் இருக்கும். 'நினைவில்லை' என்று நீ எழுதியது இதோ இருக்கிறது.

போன வாரம் நண்டு கூடத்தில் தலை வாரிக்கொண்டே சுவரில் இருக்கும் நம் படத்தைப் பார்த்தாள். நீயும் நானும் ஒரே ஸ்டூலில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருப்போமே, அந்தப் படம்.

"அம்மா, இந்த ஸ்டூலு பெரியம்மா கம்ப்யூட்டர்ல வந்துச்சு."

"எந்த ஸ்டூலு?"

"இதான். நீலமா இருக்கு, ஒரு கால் மட்டும் மஞ்சளா இருக்குல்ல. கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. கொஞ்சூண்டுதான் தெரிஞ்சுது."

நீலத்தில் ஒரு கால் மஞ்சளான ஸ்டூல் இந்த உலகத்தில் எத்தனை இருக்கும், நீயே சொல். நாம் இரண்டு பேரும் ஏறிக் குதித்து ஒரு காலை உடைத்தோம். உடைந்த நாற்காலி ஒன்றின் மஞ்சள் காலை எடுத்து அப்பா அதில் பொருத்தினார். நீலம் அடிக்கச் சொன்னதற்கு, "ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவன் வீட்டுல பெயின்ட் எப்படிம்மா இருக்கும்?" என்று சிரித்தார். சுவரின் கீழ்ப்பகுதிக்குப் பூச அந்த ஸ்டூலில்தான் உட்காருவார். எட்டு நாள் வேலை என்று சொல்லி, பிரஷ் கட்டையும் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினாறு. அந்த எட்டு நாள் இருபத்தைந்து வருஷமாக முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது யாருடைய அறை? பெயர்கூட வேண்டாம். உறவை எழுது.


மார்ச் 9

தங்கச்சி,

அப்பாவுடைய அறை.

இதற்கு மேல் எதை எழுதினாலும் சப்பைக்கட்டாகத்தான் இருக்கும். ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆய்வகச் சுவருக்குச் சாம்பல் நிறம் பூச ஆட்கள் வந்தார்கள். வெள்ளைச் சுவர் என்றால் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மதியம் அந்தப் பக்கம் போனபோது ஸ்டூலைத்தான் முதலில் பார்த்தேன். அதன் மேல் உட்கார்ந்திருந்தவரை அப்புறம்தான் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, கறை படும்" என்றார்.

அவரைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் அன்று சாயங்காலம் அவர் அறைக்குப் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். திட்டினேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார், டீ போட்டுக் கொடுத்தார். மறு வாரம் இன்னும் கொஞ்சம் திட்டப் போனேன். அதற்கடுத்த வாரம் திட்டாமலே போனேன். வேறு குடும்பம் எதுவும் அவருக்கு இல்லை. ஏன் வரவில்லை என்றால், முதல் மாதம் வெட்கமாக இருந்ததாம், அப்புறம் வெட்கப்பட்டதற்காக வெட்கமாக இருந்ததாம். அதைக் கேட்டு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ ஆடிப்போவாய் என்று நினைத்தேன் என்று எழுதலாம். அது முழு உண்மை இல்லை. நான் கண்டுபிடித்தேன், எனக்கே வைத்துக்கொண்டேன். நீ பிறந்த பிறகு அவர் மடியில் எனக்கு இடம் இருந்ததில்லை.

நாற்பதுக்கு ஒரு அறை குறைந்தது, அதனால் அவர் அறையைப் படம் எடுத்தேன். எடுப்பதற்கு முன் பார்த்துப் பார்த்து ஒதுக்கினேன். அவர் போட்டோ, மருந்துச் சீட்டு, பெயர் எழுதிய கவர், எல்லாவற்றையும் எடுத்து மறைத்தேன். முகமும் எழுத்தும் மட்டும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்திருக்கிறேன் பார். பெரியவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று பதினைந்து வருஷமாகக் கட்டுரை எழுதுகிறவள் நான். அவரையே அந்த ஸ்டூலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். நான்கு வருஷமாக அதன்மேல் பையை வைத்து வைத்து அது என் கண்ணுக்கு இல்லாமலே போய்விட்டது.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது.

அக்கா


மார்ச் 14

திட்டினால் உனக்கு ஆறிவிடும். அதனால் திட்டமாட்டேன். கணக்கு மட்டும் கேட்கிறேன்.

நான்கு வருஷம் என்கிறாய். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்படியானால் அம்மா உன் ஊர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் படுத்திருந்தபோது உனக்குத் தெரியும்.

எனக்கு வேறு வேலையே இல்லாத மாதிரி, லீவு போட்டுவிட்டு வந்து அந்த நாற்பது நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். காலையில் டாக்டர் வந்து போனதும் அம்மா கேட்பாள். தினமும் ஒரே கேள்வி, ஒரே மாதிரி, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி.

"ஏதாவது தகவல் வந்துச்சா?"

"இல்லம்மா."

"அக்காகிட்ட கேட்டுப் பாத்தியா? அவ நாலு பேரப் பாக்குறவ."

"கேட்டேம்மா. அவளுக்கும் தெரியலயாம்."

கேட்டேன்தானே? வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று கேட்டேன். நீ கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "எங்க இருக்காரோ, இருக்காரோ இல்லையோ" என்றாய். அதை நான் அப்படியே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்பா நம்மை விட்டுவிட்டுப் போனார். அதை நான் ஒன்பது வயதிலேயே விழுங்கிவிட்டேன். நீ அப்படியா? கூடவே இருந்து, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தாய். என் வாயாலேயே அம்மாவுக்குப் பொய் சொல்ல வைத்தாய். கடைசிக் கேள்விக்குப் பொய்யைத்தான் பதிலாகக் கேட்டுவிட்டுப் போனாள் அவள். அதைச் சொன்னது நான். அதை எப்படித் திரும்ப எடுப்பது? ஏழாவது பத்தியில் அதற்கு வழி இருக்கிறதா?

தினமும் சாயங்காலம் அரை மணி தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாய். "மீட்டிங்" என்பாய். நான் உனக்கு டீ போட்டு எடுத்து வைத்திருப்பேன். எங்கே மீட்டிங் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

பதிவுகளை அழித்தாயா இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுது.


மார்ச் 20

தங்கச்சி,

அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் அவரிடம் சொன்னேன். ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். "என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?" என்றார். வரமாட்டார் என்று தெரிந்த பிறகு, இருக்கிறார் என்று மட்டும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில் இருந்தும் வரவில்லை என்று தெரிந்து சாவதைவிட, தெரியாமல் சாவது மேல் என்று நானே முடிவு செய்தேன். அந்த முடிவை எடுக்க நான் யார் என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதிவுகளை அழித்துவிட்டேன். நண்டுவுடையதும் உன்னுடையதும் எந்தக் கணினியிலும் இல்லை. ஆனால் அழிப்பதற்கு முன் இரண்டையும் திறந்து பார்த்துவிட்டேன். பார்க்காமல் அழிக்கச் சொல்லியிருந்தாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்பது கையை அரித்துக்கொண்டே இருந்தது.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். படம் இருபத்து மூன்றின்மேல் உன் கண் போன வழி, புள்ளி புள்ளியாக. இதற்கு வேறு பிரதி கிடையாது. படம் பத்து வினாடி திரையில் இருந்தது. முதல் வினாடியிலேயே கோப்பையைக் கண்டுபிடித்துவிட்டாய். அதற்குப் பிறகு இடதுபக்கம் கீழே, கட்டிலுக்கு அடியில், மஞ்சள் காலில் உன் கண் நின்றிருக்கிறது. ஜன்னலுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி ஜன்னலுக்குப் போய், திரும்பி வந்து, ஆறு தடவை.

கடைசியில் சில பொருள்களைக் காட்டி, இருந்ததா இல்லையா என்று கேட்டோம் அல்லவா? எதைக் கேட்பது என்பதை உதவியாளர்தான் முடிவு செய்வாள், எனக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அவள் அந்த ஸ்டூலையும் கேட்டிருக்கிறாள். நண்டு 'இருந்தது' பொத்தானை அழுத்தியிருக்கிறாள். நீ 'இல்லை'யை அழுத்தியிருக்கிறாய்.

கண் பட்ட இடத்தையெல்லாம் ஆள் பார்த்ததாகச் சொல்ல முடியாது. இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன், உனக்கும் சொல்கிறேன். ஆனால் ஒன்றும் தெரியாத கண் ஒரே மூலைக்கு ஆறு தடவை போகாது. நீ போன மாதம்தான் தெரிந்துகொண்டாயா?

இதை உன்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

பார்க்காதே என்றால் பார்ப்பாய். சொல் என்றால் சொல்லமாட்டாய். நல்லது.

ஆமாம், அன்றைக்கே தெரியும்.

நான் சட்டைக் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை என் மேசைமேல் வந்து போகிறது. காலர், கை, பட்டன், ஓரத் தையல், இந்த நான்கு இடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். சாயங்காலம் இன்றைக்கு என்ன கலர் சட்டை வந்தது என்று நண்டு கேட்டால் சொல்லத் தெரியாது. நீ சொன்ன பெரியவர்கள் நான்தான். அப்படிப்பட்ட எனக்கே அந்த மஞ்சள் கால் தெரிந்தது. ஜன்னலைப் பார்த்தேன், மறுபடி அது அங்கேயே இருந்தது. தெரிந்தேதான் 'இல்லை'யை அழுத்தினேன்.

ஏன் அழுத்தினேன் என்றால், நீயே சொல்வாய் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது சொல்வாய் என்று பார்த்தேன். பஸ் ஏற்றிவிடும்போது சொல்வாய் என்று பார்த்தேன். அப்புறம் ஆறு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினாய். ஒவ்வொரு தடவையும் போனை வைப்பதற்கு முன், "அப்புறம்?" என்று கேட்டேன். நீ "அப்புறம் என்ன, ஒண்ணுமில்ல" என்றாய். ஆறு தடவை. உன் தாளில் இருக்கிற அதே ஆறு.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். நண்டு போன மாதம் தலை வாரும்போது சொன்னாள் என்று எழுதினேனே, அது பொய். அவள் அன்றைக்கே, திரும்பி வரும் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். "நம்ம போட்டோ ஸ்டூலு" என்று துள்ளினாள். நான், "அப்படி எதுவும் இல்ல, நீ தப்பாப் பாத்திருக்கே" என்றேன். அவள் விடவில்லை. மஞ்சள் கால், கட்டில், கொஞ்சூண்டு, எல்லாம் சொன்னாள். நான் அதட்டினேன். "சும்மா இல்லாததெல்லாம் பேசாத." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிய மாதிரியே.

அதிலிருந்து அவள் மாறிவிட்டாள், அக்கா. முன்பெல்லாம் தெருவில் நடந்தால் வாய் ஓயாது. அந்த நாய்க்கு ஒரு காது மடங்கியிருக்கு, அந்த அண்ணன் ரெண்டு காலிலும் வேற வேற செருப்பு போட்டிருக்காரு. இப்போது எதையாவது பார்த்தால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். "அம்மா, அங்க பூனை இருக்கா?" என்று கேட்கிறாள். பூனை எதிரே உட்கார்ந்திருக்கிறது. என்னிடம் கேட்டுத்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறாள். நீ எனக்குச் செய்ததை நான் என் பிள்ளைக்குச் செய்துவிட்டேன். உன்மேல் எனக்குள்ள ஆத்திரத்தில் பாதி இதற்குத்தான்.

அதனால் வருகிறேன். ஏப்ரல் 12, ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு. உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அவரைப் பார்க்கவும் வரவில்லை. அவர் அறையில் இருந்தாலும் சரி, எங்காவது போயிருந்தாலும் சரி, என்னிடம் சொல்ல வேண்டாம். நண்டு அந்த ஸ்டூலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவள் பார்த்தது சரி, நான் சொன்னதுதான் தப்பு என்று அங்கே வைத்து அவளிடம் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும்தான்.

இடம் எங்கே என்று எழுது. நீ எடுத்த படம் மாதிரி ஒதுக்கி வைத்து எழுதாதே. ஓரத்தில் இருப்பதையும் சேர்த்து எழுது.


மார்ச் 31

தங்கச்சி,

ஓரத்தில் இருப்பதையும் எழுதச் சொல்லிவிட்டாய். எழுதுகிறேன்.

அம்மா இருந்த ஆஸ்பத்திரியின் பின்பக்க கேட்டைத் தாண்டி வந்தால் இரண்டாவது தெரு. முனையில் ஒரு பால் பூத். அதற்கு எதிரே பச்சை கேட் போட்ட கட்டடம், முதல் மாடி, தெருவைப் பார்த்த அறை.

அந்தப் பூத்தை உனக்குத் தெரியும். நாற்பது நாளும் சாயங்காலம் ஐந்தரைக்கு அம்மாவுக்குப் பால் வாங்க அங்கேதான் வருவாய். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் அம்மாவின் மருந்துச் சீட்டு. படித்துக்கொண்டே நடப்பாய்.

உன்னைப் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது. ஒன்பது வயதில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. நான்தான் காட்டினேன். ஜன்னல் பக்கத்தில் அவரோடு நின்று, "அதோ, தூக்கு வச்சிக்கிட்டு நிக்கிறாளே, அவதான்" என்றேன். அதற்குப் பிறகு தினமும் ஐந்தே காலுக்கே ஸ்டூலை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நானும் கூட நிற்பேன். நீ பால் வாங்கித் திரும்பும்வரை பார்ப்போம். அதுதான் அந்த அரை மணி. அப்புறம் நான் கீழே இறங்கி, வேறு வழியாக வந்து, உன்னிடம் மீட்டிங் என்பேன். நீ அந்தப் பாலில் எனக்கும் டீ போட்டு வைத்திருப்பாய்.

ஒரு நாள்கூட நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருப்பாய்.

எழுதிவிட்டேன். இதைப் படித்த பிறகு நீ வருவாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நண்டுவுக்காக வருவாய் என்றால், மாடிக்கு ஏற வேண்டாம். பன்னிரண்டாம் தேதி காலையில் ஸ்டூலைக் கீழே கொண்டுவந்து, பச்சை கேட்டுக்கு வெளியே, நட்டநடுவில் வைத்துவிடுகிறேன்.

நாங்கள் ஜன்னலில் இருக்கமாட்டோம்.

அக்கா